தெரிவு தூரம்

ஷார்ஜாவின் ஜனவரி மூட்டம்
சாலையைத் தின்றுவிட்டு
வேன் கண்ணாடிவரை வந்து நின்றது.
அபாய விளக்கு டிக் டிக்கென்று அடிக்க
ஓரங்கட்டினான் மொக்லேசுர்.
"நூற்று இருபத்தைந்து மீட்டர்" என்றார் துக்கல்,
கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல்.
திருச்சிக்கு எபனேசரும் நானும்,
லக்னோவுக்குத் துக்கலும் லியாகத்தும்.
நான்கு தொப்பிகள், பதினான்கு தங்கக் கோடுகள்,
போக இடமில்லை.

கடிதத்தை யார் முதலில் எடுத்தார்கள், ஞாபகமில்லை.
வெள்ளி இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்தது.
'அன்புள்ள'வுக்குப் பின் அவரவர் பெயர்.
மூன்று வருடம் ராஸ் அல் கைமாவில் தங்கினால்
வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம்,
கையெழுத்துக்கென்று தனியாக ஒரு தொகை.
பதில் சொல்ல எழுபத்திரண்டு மணி நேரம்.
அடியில் சாய்வெழுத்தில்:
சக ஊழியர்களிடம் பகிர வேண்டாம்.

"நாலு மாசமா மும்பையில இதே ஷரத்தைத்தான்
பேசிட்டிருக்கோம்" என்றார் எபனேசர்.
"மேசைக்கு மேல எங்களுக்குத் தண்ணி பாட்டில் நீட்டுறான்,
மேசைக்கு அடியில உங்க காலைச் சுரண்டுறான்."

"கால் என்னோடது, கேப்டன்."
துக்கல் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

லியாகத்தின் மனைவி அல் நஹ்தாவில் ஆறாவது மாடியில்.
இங்கே இறங்கும் இரவுகளில்
ஓட்டலில் பை, வீட்டில் அவன்.
"மூணு வருஷமா கேக்குறேன். காசே வேணாம், இங்க போடுங்கன்னு.
பட்டியல்ல இருநூத்திப் பன்னிரண்டாவது ஆள் நான்.
உங்க வரிசையில நின்னா
என் மகன் கல்லூரிக்குப் போயிடுவான்."
எபனேசர் வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அதை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

லியாகத் தன் தொகையைச் சொன்னான்.
பதினெட்டாயிரம் திர்ஹம்.
சொல்லியிருக்கக் கூடாது.
அவனும் நானும் ஒரே வகுப்பு,
ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.
என் கடிதத்தில் இருபத்தாறு.

கணக்கு மெதுவாகத்தான் உறைத்தது.
என் பயிற்சிக் கடன் எவ்வளவென்று அவர்களுக்குத் தெரியும்,
வங்கிக்குச் சம்பளச் சான்று கொடுத்ததே அவர்கள்தான்.
அவன் குறைவாகக் கொடுத்தாலும் வருவான் என்பதும்
தெரிந்திருக்கிறது.
"உனக்கு?" என்றான்.
"அதே மாதிரிதான்" என்றேன்.

"பதினாலாவது பத்தியைப் படி" என்றார் எபனேசர்.
சத்தமாகப் படித்தேன்:
பணியிடம் அமைந்த நாட்டின் சட்டமே
இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தும்.
இங்கே சங்கம் என்று ஒன்று கிடையாது.
"அந்தத் தொகை எதுக்குன்னு இப்பத் தெரியுதா?"

மொக்லேசுர் கண்ணாடி வழியே இந்தியில் கேட்டான்:
"யூனியன் இருந்தா, சார்,
கம்பெனி உங்களைக் கேட்டுட்டுத்தான் எல்லாம் செய்யுமா?"
"எப்பவாவது" என்றார் துக்கல்.
அவன் ஈரத் துணியால் உள்கண்ணாடியைத் துடைத்தான்.
வெளியே மாற்றமில்லை.

"ஏன் கேப்டன், உங்க கடிதத்திலேயே பார்க்கலாமே?"
லியாகத் சும்மாதான் கேட்டான்.
"எனக்கு வரல."
கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.
கல்யாணப் பத்திரிகை விட்டுப்போன
பங்காளியின் குரல் அது.

மூட்டம் விலகவில்லை, மெலிந்தது.
நானூறு. ஐந்நூற்றைம்பது.
ஒரு மசூதி விளக்கு, ஒரு பெட்ரோல் பங்க்,
பிறகு விமான நிலையம்,
இவ்வளவு நேரமும் அங்கேயே இருந்ததுபோல.

இடது இருக்கையில் அவர், வலதில் நான்.
இங்கே ஒருவர் பார்த்தால் போதாது.
"எரிபொருள்?"
"பதினொன்று புள்ளி ஆறு."
தன் திரையில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
"பதினொன்று புள்ளி ஆறு."
இருவருக்கும் ஒரே எண்.

கைப்பேசியை அணைத்தேன்.
முப்பத்தொன்பது மணி நேரம் மீதி.
திருச்சியில் சக்கரம் தொடும்போது
முப்பத்தைந்து.
அவர் அடுத்ததைக் கேட்டார்.